நாற்பதாயிரம் பேருக்குச் சோறு

ஜெஸீமா தந்த முதலாவது புத்தகத்தில்
நாற்பதாயிரம் வாள்வீரர்
பத்தொன்பது நாள் நடக்கிறார்கள்.
மலை வருகிறது, பேசும் பாலம் வருகிறது,
ஒரு வேளைச் சோறு வரவில்லை.

சம்மாந்துறை நெற்களஞ்சியத்தில்
கணக்கெழுதுகிறவள் நான்.
பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.
ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி.
உமி, தவிடு கழிவதையும் சேர்த்தால்
ஒன்பதாயிரம் மூடை நெல்.
முந்நூறு ஏக்கர் வட்டை, ஒரு போகம் முழுக்க,
வெள்ளம் வராமல், அறக்கொட்டி விழாமல்.
அந்த நாட்டின் படம்
முதல் பக்கத்திலேயே இருக்கிறது.
அவ்வளவு பெரிய ஆற்றுக்கு
ஒரு துருசு இல்லை, ஒரு வாய்க்கால் இல்லை.

டிராகன் மூன்று ஊரை எரித்துவிட்டுப் பறக்கிறது.
எரிந்த ஊர்கள் மறுபடி கதைக்குள் வருவதில்லை.
மாவடிப்பள்ளியில் யானை ஒரு மதிலைச் சாய்த்தாலே
கிராம சேவகரின் கடிதம், மூன்று போட்டோ,
வனஜீவராசித் திணைக்களத்துக்கு நாலு நடை.
அந்த மூன்று ஊரின் படிவங்களை
யார் நிரப்பினார்?
அரசன் முடிசூடும் பக்கத்திலும்
நான் அவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

"கதையக் கதையா வாசிகா" என்றாள் ஜெஸீமா.
ஒலுவில் கெம்பஸில் படிக்கிற மகன்
வீட்டில் போட்டுவிட்டுப் போகிற புத்தகங்கள் இவை.
மறுகா இரண்டாவதைத் தந்தாள்.

அதில் ஒரு நகரம்.
கடலை மறைத்து மதில் கட்டியிருக்கிறது அரசாங்கம்.
அந்தச் சொல்லைச் சொன்னால் சிறை.
மீன் தகரத்தில் விளைவதென்று
பள்ளிக்கூடத்தில் எழுதிப் படிக்கிறார்கள்.
ஒரு பொடியன் அறுபது முழம் ஏறி
உச்சியில் நின்று அதைக் கண்டு அழுகிறான்.
அந்த இடத்தில் எல்லோரும் அழுவார்களாம்,
பின்னட்டையில் போட்டிருந்தது.

நான் அழவில்லை.
நான் அரசாங்கத்தின் பக்கம்.

இதை யாரிடம் சொல்ல?
துவக்கோடு காவலர் அவனைத் துரத்துகையில்
"பிடியுங்கள், உடைத்துவிடப் போகிறான்" என்று
காரைதீவில், இரவு ஒன்றரை மணிக்கு,
விசிறியின் கீழே படுத்திருந்த ஒருத்தி நினைத்தாள்.
அறுபது முழம் போதுமா என்றும் நினைத்தாள்.
அன்றைக்கு எங்கள் வளவுத் தென்னையில்
எந்த உயரம்வரை சேறு ஒட்டியிருந்ததென்று
அவளுக்குத் தெரியும்.
எழுதியவருக்குக் கடல் என்றால் விடுதலை.
சரி. அவருக்கு.

"மதில் நல்லதுதான்" என்றேன் காலையில், தராசடியில்.
சாக்கெண்ணிக்கொண்டிருந்த ஜெஸீமா
எண்ணிக்கையை விட்டாள்.
மருதமுனையில் அவளுக்கு அன்று போனவற்றை
நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை.
வெள்ளி பின்னேரங்களில் இளையவர்களோடு
கரையில் குந்திக் கச்சான் தின்கிறவள்.
"பொடியன் ஏறுற பக்கத்த மூணு தரம் வாசிச்சன்.
மூணு தரமும் பயந்தான்,
உழுந்திருவானோ எண்டு.
கடலுக்கில்ல."

அதற்குமேல் பேசவில்லை. லொறி வந்துவிட்டது.

திருப்பிக் கொடுக்குமுன்
இருநூற்றுப் பதினோராம் பக்கத்தின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்:
மதில் இருக்கட்டும். ஒரு கதவு வையுங்கள்.
திறப்பு என்னிடம் இருக்கட்டும்.
எழுதிய கையோடு வெட்கமாகி
அழிறப்பர் தேடினேன், கிடைக்கவில்லை.
எழுத்தோடுதான் போனது புத்தகம்.

மூன்றாவது நேற்று வந்தது, யூரியாப் பையில் சுற்றி.
"இதில டிராகன் இல்ல."
"சோறு?"
"அது இரிக்கி. ஒரு அத்தியாயம் முழுக்கச் சமைக்காங்க."
"கடல்?"
அவள் சாக்கைத் திரும்ப எண்ணத் தொடங்கினாள்.
"முதலாம் பக்கத்திலேயே."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்சத் தூரம் சும்மா வந்தேன்.
மாவடிப்பள்ளிப் பாலத்தடியில்
இருபுறமும் குடலைப் பருவத்துப் பச்சை.
இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.